ஆண்டவர் குடுத்தார் சரி, மதினி செயின் எங்க?

கேள்வி: ரெண்டு வருஷம் முன்ன வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆபரேஷன். கட்ட வேண்டிய பணத்த அன்னிக்கு சாயங்காலமே ஆண்டவர் அனுப்பினார், அவரோட அக்கா, என் மதினி, தன் செயின அடகு வெச்சு தந்தாங்க, இன்னும் திருப்பிக் குடுக்கல, அவங்களும் கேக்கல. கோயில்ல எல்லார் முன்னாலயும் ஆண்டவர் செஞ்சத சாட்சியா சொல்லி ஸ்தோத்திர காணிக்கையும் போட்டேன். இப்ப மகளுக்கு 15 பவுன் சேத்தாச்சு, ஆனா வர்ற வரனெல்லாம் தட்டிப் போகுது. என் தலைமுடிய எண்ணி வெச்சிருக்கிற ஆண்டவர் என்னை மறந்துட்டாரா? வாயார நன்றி சொல்ல முடியல. - பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: வரன் கதைய விடுங்க, அது வரும்போது வரும். எனக்கு அந்த செயின்தான் உறுத்துது. சாட்சி சொன்னீங்களே, அதுல மதினி பேர் வந்துச்சா? வந்திருக்காதுன்னு நினைக்கேன், நம்ம ஆட்கள் சாட்சில பணம் வானத்துல இருந்துதான் விழும். உங்க பீரோல 15 பவுன் இருக்கு, அவங்க செயின் அடகுக் கடைல இருக்கு, வருஷா வருஷம் வட்டி கட்டி மாத்தி வைக்கது யாரு? அவங்கதான?

பைபிள்ல 1 இராஜாக்கள் 17-ம் அதிகாரம் எடுத்துப் படிங்க. எலியா தீர்க்கதரிசிக்கு முதல்ல காகம் அப்பமும் இறைச்சியும் கொண்டு வந்துச்சு, காகத்துக்கு யாரும் கணக்கு தீர்க்க வேண்டாம். ஆனா அடுத்து ஆண்டவர் அவர அனுப்பினது சாறிபாத்ங்கிற ஊர்ல ஒரு விதவை வீட்டுக்கு, அவகிட்ட இருந்ததே பானைல ஒரு பிடி மாவும் கலயத்துல கொஞ்சம் எண்ணெயும்தான், அதுல முதல் அடை இவருக்கு. அந்தம்மா மகன் செத்தப்போ எலியா 'ஆண்டவர் சித்தம்'னு ஒதுங்கிப் போகல, பையன தூக்கிட்டு மேல்வீட்டுக்குப் போய் மூணு தரம் அவன் மேல குப்புற விழுந்து ஆண்டவர கூப்பிட்டார். நீங்க உங்க மதினிய காகம்னு நினைச்சிட்டீங்க.

அவங்க கேக்கலன்னா வேண்டாம்னு அர்த்தமா? தம்பி பொண்டாட்டிகிட்ட கேக்க கூச்சம், அவ்வளவுதான். கூடப்பிறந்தவனுக்காக கழுத்துல கிடந்தத கழட்டினவங்கள கேக்காம இருக்கட்டும்னு விடுறது எனக்கு கொஞ்சமும் பிடிக்கல, நேராவே சொல்றேன். ஆண்டவர் உங்கள மறந்தாரான்னு என்கிட்ட கேக்கீங்க, அன்னிக்கு சாயங்காலம் அவர் யார் கைல குடுத்து விட்டாரோ அவங்கள நீங்கதான் மறந்தீங்க.

மகள் நகைல கை வைக்கணும்னா வைங்க, 15 பவுன் 11 பவுனா ஆனா ஆகட்டும். இந்த வாரமே நீங்களும் வீட்டுக்காரரும் மதினியையும் கூட்டிட்டுப் போய் அசலும் வட்டியும் கட்டி செயின மீட்டு மதினி கைல குடுங்க, அவங்க இதுவரை கட்டின வட்டி எவ்வளவுன்னு கேட்டு அதையும் குடுத்துக் கணக்கு தீருங்க. குடுத்துட்டு வரன் பத்தி எழுதுங்க, அப்ப பேசுவோம்.