பிள்ளைகளுக்கு இறையச்சமும் பொறுப்பும் எப்படி வரும்?

அஸ்ஸலாமு அலைக்கும். "பையனுக்கு 14 வயது. தொழுகிறான், குர்ஆன் ஓதி முடித்துவிட்டான். ஆனால் நாங்கள் பார்க்காதபோது பொய் சொல்கிறான், போனில் கண்டதையும் பார்க்கிறான். அல்லாஹ் பார்க்கிறான் என்ற நினைப்பை எப்படி வரவைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. கம்பத்தில் குடியிருந்து குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஒரு அத்தா, அதாவது அப்பா. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

பையனை நம்பி ஏதாவது ஒரு அமானத்தை, அதாவது நம்பி ஒப்படைக்கிற பொறுப்பைக் கொடுங்கள். நிஜமான பணம், நிஜமான வேலை, தவறினால் இன்னொருவருக்கு நஷ்டம் வருகிற மாதிரி ஒன்று. அதைக் கொடுத்துவிட்டு நீங்கள் கொஞ்சம் விலகி நில்லுங்கள். நாள் முழுக்க நாமே கண்காணித்துக்கொண்டிருந்தால் பிள்ளை நமக்குத்தான் பயப்படக் கற்றுக்கொள்ளும். நாம் அந்தப் பக்கம் போனதும் பயமும் போய்விடும்.

லுக்மான் (அலை) என்ற ஞானி தம் மகனுக்குச் சொன்ன உபதேசம் குர்ஆனின் 31ஆவது அத்தியாயத்தில் இருக்கிறது. அதன் வரிசையைக் கவனித்திருக்கிறீர்களா? "என் அருமை மகனே" என்று பாசமாகக் கூப்பிடுகிறார். கடுகளவு செயல் பாறைக்குள் இருந்தாலும் அல்லாஹ் அதை வெளியே கொண்டு வருவான் என்பது 16ஆவது வசனம். தொழுகையை நிலைநாட்டு என்பது அதற்கு அடுத்த வசனம். நாம் பல வீடுகளில் தொழச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். முதலில் வரவேண்டிய கடுகு விஷயம் விட்டுப்போகிறது.

என் மகன் லீவு நாட்களில் கடைக்கு வருவான். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ காய் கிடைக்கும். சரியாக உலராத காய் எடை கூடுதலாக நிற்கும். அதனால் சாக்கின் மேலே நல்ல காயும் அடியில் ஈரக்காயுமாக வருவது உண்டு. கையை அடிவரை விட்டுப் பார்க்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்போதே மதீனாக் கடைத்தெரு சம்பவத்தையும் சொன்னேன். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் என்னைச் சேர்ந்தவர் அல்ல என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிம் என்ற தொகுப்பில் பதிவான ஹதீஸ் (நபிமொழி). சாக்குக்குள் கை இருக்கும்போது கேட்டதால் அது அவனுக்கு மறக்கவில்லை.

ஆனால் அந்த ஹதீஸ் விற்கிறவருக்கு மட்டும் இல்லையே, வாங்குகிற எனக்கும்தான். எங்கள் தராசின் எண் தெரிகிற பக்கத்தை, காய் கொண்டு வருகிறவர் பார்க்கும்படி திருப்பி வைத்திருக்கிறோம். சாக்கையும் தனியாக எடை போட்டுத்தான் கழிப்போம். ஒருநாள் வண்டன்மேட்டுப் பக்கத்துப் பாட்டி ஒருவர் காயைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். அப்புறம் சிட்டையைக் கூட்டிப் பார்த்த பையன், "அத்தா, அந்தப் பாட்டிக்கு 200 ரூபாய் குறைச்சுக் கொடுத்திருக்கோம்" என்றான். பாட்டிக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. "இது இப்போ உன்கிட்ட இருக்கிற அமானத்" என்று பணத்தை அவன் கையில் கொடுத்தேன். ஒரு கவரில் போட்டு எழுதி வைத்தான். அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் விசாரித்தான். கடைசியில் அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு வந்தபோது அவன் முகத்தில் இருந்த தெளிவை, ஆயிரம் தடவை "அல்லாஹ் பார்க்கிறான்டா" என்று சொல்லியும் என்னால் கொண்டு வந்திருக்க முடியாது.

போன் விஷயம். சின்ன வயதில் பூட்டு போடுவது சரி. 14 வயதுப் பையனின் போனைத் திருட்டுத்தனமாகத் துழாவுவது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. வெளிப்படையாகப் பேசுங்கள். இன்னொன்று: பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் கட்டளை 24ஆவது அத்தியாயத்தில் முதலில் ஆண்களுக்குத்தான் வருகிறது (24:30), பெண்களுக்கு அடுத்த வசனம். நம் வீடுகளில் வெட்கம், கட்டுப்பாடு எல்லாவற்றையும் பெண்பிள்ளைகள் தலையில் வைத்துவிட்டுப் பையன்களை விட்டுவிடுகிறோம். இது எனக்கு ரொம்ப நாளாக உள்ள வருத்தம்.

தப்பு செய்து மாட்டிக்கொண்டால் "அல்லா தண்டிப்பான்" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். விபச்சாரத்துக்கே அனுமதி கேட்டு வந்த இளைஞரை நபி (ஸல்) அவர்கள் விரட்டவில்லை. சுற்றியிருந்தவர்கள் அதட்டியபோதும் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். உன் தாய்க்கு, மகளுக்கு, சகோதரிக்கு யாராவது இப்படிச் செய்தால் விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிறகு அவர் மேல் கை வைத்து துஆ (பிரார்த்தனை) செய்தார்கள். முஸ்னத் அஹ்மத் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. உங்கள் பையன் பொய் சொன்ன அன்றைக்குக் கேட்கவேண்டியதும் இப்படித்தான்: யார் இதனால் பாதிக்கப்பட்டார், அவரிடம் எப்படிச் சரிசெய்யப் போகிறாய்? தவ்பாவின் (பாவமன்னிப்பின்) வாசல் திறந்திருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

மதரசாவைப் பாதியில் நிறுத்தாதீர்கள். கேரளாவில் சமஸ்தா என்ற உலமா அமைப்பின் மதரசாக்களில் 5, 7, 10, 12ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வே நடக்கிறது. எங்கள் தெருவில் டியூஷன் என்று சொல்லி எட்டாவதோடு நிறுத்துகிறார்கள். பிள்ளைக்குக் கேள்வி முளைக்கிற வயதே அதுதான்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று குழப்பமாக இருந்தால், வருகிற ரமலானில் ஃபித்ராவை, அதாவது பெருநாளுக்கு முன் ஏழைகளுக்குக் கொடுக்கிற தர்மத்தை, அவன் பொறுப்பில் விடுங்கள். வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு அரிசி என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் (இமாமிடம்) அவனே கேட்டு வரட்டும். வாங்கி, எடை போட்டு, பெருநாள் தொழுகைக்கு முன்னால் உரியவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். யாருக்குக் கொடுத்தான் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். நீங்களும் கேட்க வேண்டாம்.