வசூல் வேண்டாம் டீச்சர், மனு போடுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சில மாதங்களுக்கு முன், என்னிடம் படித்த பெண் ஒருத்தி (இப்போது வயது 22) பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். அவள் அம்மா முதலில் கூப்பிட்டது என்னைத்தான். பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்து, எங்கள் மாவட்டத்தின் சகி மையத்துக்கு (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசு உதவி மையம்) போனோம். ஆஸ்பத்திரியில் அவள் உடுத்தியிருந்த துணிகளைச் சாட்சியத்துக்காக வாங்கி உறையில் போட்டு சீல் வைத்துவிட்டார்கள். மாற்றுத்துணி இல்லை. மையத்திலிருந்து கூட வந்த பெண் தன் பையிலிருந்த சொந்தச் சுடிதாரை எடுத்துக் கொடுத்தார். விடியும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான்கு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சொல்லி அந்த மையத்துக்குப் பணம் திரட்ட நினைக்கிறேன். "வரி கட்டுகிறோமே, அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார் கணவர். பெண்ணின் அம்மாவோ அரசு இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவே மறுக்கிறார். "மானத்துக்கு விலை வாங்குவதா?" என்று அழுகிறார். சுடிதாரைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அதை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: டீச்சர், முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். "நம் ஸ்கூலில் படித்த பெண்", "சில மாதத்துக்கு முன்", "டீச்சர்தான் கூட்டிக்கொண்டு போனாராம்" என்ற மூன்று துண்டுகள் போதும், ஊரில் யாரென்று கண்டுபிடிக்க. பாதிக்கப்பட்டவரின் பெயரை மட்டுமில்லை, அடையாளம் தெரியவைக்கும் எதை வெளியிட்டாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. நீங்கள் பெயர் சொல்ல மாட்டீர்கள், தெரியும். ஆனால் பணம் கேட்டால் காரணம் கேட்பார்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் கதை வெளியே வந்துவிடும்.

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. அது அரசாங்கத்தின் செலவுதான். 2012 டிசம்பர் டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு, 2013 பிப்ரவரி பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியை அறிவித்தார்கள். நிதியாண்டு முடிந்தாலும் காலாவதியாகாத நிதி அது. அதிலிருந்துதான் 2015 ஏப்ரல் 1 முதல் இந்த மையங்கள் வந்தன. மருத்துவ உதவி, போலீஸ் உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை, ஐந்து நாள்வரை தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ், 24 மணி நேரமும் கிடைக்க வேண்டும் என்பது திட்டம். செலவு முழுவதும் மத்திய அரசுடையது. 2022 முதல் 'மிஷன் சக்தி' என்ற குடையின் கீழ் நடக்கிறது.

"பார்த்துக்கொள்ளட்டும்" என்று உட்கார்ந்துவிட்டால் அது தானாக நடந்துவிடாது என்பதுதான் அவர் சொல்லாமல் விட்ட மறுபாதி. இந்தப் பணம் மாதாமாதம் குழாய்த் தண்ணீர் மாதிரி வருவதில்லை, தவணையாக வருகிறது. வாங்கிய தவணையை எப்படிச் செலவழித்தோம் என்று பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அது மாவட்டத்திலிருந்து சென்னைக்கும் சென்னையிலிருந்து டெல்லிக்கும் போய், அங்கே ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த தவணை. நடுவில் ஒரு மேஜையில் ஒரு கையெழுத்து தங்கினால் போதும். கட்டடம் நிற்கும், போர்டு நிற்கும், 181-ம் அடித்துக்கொண்டிருக்கும். நின்றுபோவது சம்பளம் மட்டும்தான். அங்கே வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர்கள். சத்தம் போட்டால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற பயம் எப்போதும் உண்டு.

இந்த இடத்தில் நீங்கள் ஐம்பதாயிரம் திரட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டு மாதம் ஓடும். "மையம் தடையின்றி இயங்கி வருகிறது" என்று கோப்பில் எழுதுவார்கள். அது பொய்யும் ஆகாது, உங்கள் பணத்தில் இயங்கியிருக்குமே! ஏற்கெனவே அந்தப் பெண் தன் சுடிதாரைக் கொடுத்து ஒரு ஓட்டையை அடைத்திருக்கிறார். அடுத்ததை நீங்கள் அடைப்பீர்கள். பணம் அனுப்ப வேண்டியவருக்கு ஓட்டை இருப்பதே தெரியாமல் போகும். தவிர, அந்தப் பணியாளர் கையில் நேரடியாகப் பணம் கொடுத்தால் "பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் காசு வாங்கினார்" என்று ஒரு மொட்டைக் கடிதம் போதும், வேலைக்கே உலை வைக்க.

கொடுத்தே தீர வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், பொருளாகக் கொடுங்கள். பல அளவுகளில் நைட்டி, உள்ளாடை, துண்டு, நாப்கின், சீப்பு. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் ஒரு கடிதத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். உங்கள் சொந்தக் காசிலேயே முடியும், குழு எதற்கு?

சம்பளத்துக்கு வேறு வழி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது, இதற்குத்தான் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட சமூக நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் சம்பளம் தரவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். 'ஏன்'-க்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. தேதியும் தொகையும் கேளுங்கள். கடந்த இரண்டு நிதியாண்டுகளில் இந்த மையத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, ஒவ்வொரு தவணையும் கைக்கு வந்த தேதி என்ன, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பிய தேதி என்ன, அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, எந்த மாதம்வரை சம்பளம் வழங்கப்பட்டுள்ளது. தேதிகளை வரிசையாக அடுக்கினால் கோப்பு எந்த மேஜையில் தூங்கியது என்று உங்களுக்கே தெரியும். பரீட்சைத் தாள் திருத்திய கண்ணல்லவா! பிறகு அந்தப் பதிலின் நகலை வைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். மையத்தின் நிர்வாகக் குழுவுக்கு அவர்தான் தலைவர். எம்.பி.க்கும் ஒரு நகல், டெல்லியில் கேள்வி கேட்க அவர்தானே இருக்கிறார். மனுவில் எந்த இடத்திலும் அந்தப் பணியாளரின் பெயரோ, அந்த இரவோ வரக்கூடாது.

இனி அந்த அம்மா. அவரிடம் வாதாட வேண்டாம். அவர் மனதில் 'இழப்பீடு' என்றால் பஞ்சாயத்தில் பேசி முடித்து, குற்றவாளி வீட்டிலிருந்து வாங்கும் பணம். அதைத்தான் வெறுக்கிறார், அது நியாயமான வெறுப்பு. இது அந்தப் பணமில்லை என்று சொல்லுங்கள். இது அரசு தருவது. வாங்கினால் வழக்கு நீர்த்துப்போகாது. தீர்ப்புவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை, இடைக்கால உதவி கேட்கலாம். குற்றவாளி பிடிபடாவிட்டாலும், ஏன், விடுதலையே ஆனாலும் கேட்க முடியும். தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுத் திட்டத்தில் பாலியல் வன்புணர்வுக்குக் குறைந்தபட்சம் 4 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் என்று இருக்கிறது. விண்ணப்பம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில். எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருக்கட்டும். இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீலும் உண்டு. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

ஒன்றைக் கவனித்தேன். உங்கள் கடிதத்தில் அம்மா பேசுகிறார், கணவர் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வயது 22. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியது அவள். கோர்ட்டுக்கு எத்தனை தடவை லீவு போட வேண்டியிருக்கும், வேலை நிலைக்குமா, மேலே படிக்க நினைக்கிறாளா, ராத்திரி தூங்குகிறாளா என்று உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? அந்தப் பணம் வேண்டுமா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும். 'வேண்டாம்' என்றாலும் அது அவள் முடிவு. மனம் மாறினால் எங்கே போக வேண்டும் என்று மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவையுங்கள்.

சுடிதாரை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். ஷிப்ட் மாறும் நேரமாகப் பார்த்துப் போனால் இரண்டு நிமிடம் பேச முடியும். அவள் எப்படி இருக்கிறாள் என்று அவர் கட்டாயம் கேட்பார், சொல்லுங்கள். மனு போட்டிருக்கும் விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம். நாளைக்கு யாராவது கூப்பிட்டு விசாரித்தால், "எனக்கு ஒன்றும் தெரியாது சார்" என்று அவர் உண்மையாகவே சொல்ல முடியட்டும்.