விட்ட நாளுக்கு மறுநாள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 34. பத்து வருடத்தில் நல்ல மொழிபெயர்ப்பாளராகிவிட வேண்டும் என்பது ஆசை. அதற்காக அதிகாலையில் எழுவது, ஒரு மணி நேரம் பிரெஞ்சு படிப்பது, நடைப்பயிற்சி, நாட்குறிப்பு, இரவில் போனைத் தொடாமல் இருப்பது என்று 21 நாள் சவால் எடுத்தேன். பன்னிரண்டாம் நாள் விட்டுப்போனது. மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கினேன், மறுபடி விட்டுப்போனது. இது நான்காவது முறை. எனக்கு மன உறுதியே இல்லையோ? பழக்கங்களைக் கண்காணிக்க நல்ல செயலி எது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

"மறுபடி முதல் நாளிலிருந்து" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதே அதுதான். செயலி பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதிகாலையும் கட்டாயமில்லை, தலை தெளிவாக இருக்கும் நேரத்தில் படியுங்கள். ஐந்து பழக்கங்களை ஒரே நாளில் பிடித்தது பேராசை. பிரெஞ்சை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிற கணக்குக்கு வருவோம். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மருத்துவர் 1960இல் ஒரு புத்தகம் எழுதினார். சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடியில் தெரியும் புது முகம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அதில் சொன்னார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. முகம் பழகுவதும் பிரெஞ்சு வினைச்சொல் பழகுவதும் ஒன்றா?

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரிடம் இதை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். தினமும் ஒரே சந்தர்ப்பத்தில், காலை உணவுக்குப் பிறகு என்பதுபோல, ஆளுக்கொரு சின்னக் காரியம். அது தானாக நடக்கிற அளவுக்குப் பழக ஆன காலத்தின் இடைநிலை 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை மாறியது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்றும் கண்டார்கள்.

நீங்களோ ஒரு நாள் தவறியதற்காக அதற்கு முந்தைய பதினொரு நாளையும் சேர்த்து அழித்தீர்கள். படிக்கும்போதே கோபம் வந்தது. அந்தப் பதினொரு நாள் படித்தது எங்கே போகும்? இதில் மன உறுதிக்கு என்ன வேலை? நான்கு முறையில் உங்களுக்கு நன்றாகப் பழகிப்போனது ஒன்றுதான்: தவறியதும் எல்லாவற்றையும் கலைத்துவிடுவது. அதைத்தான் முதலில் விட வேண்டும்.

இளவயதில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியபின் ரஷ்ய மொழி கற்க ஆரம்பித்தவர். மதியம் சாப்பிட்டுக் கைகழுவி வந்ததும் மேசை டிராயரை இழுப்பார். பழைய பாடப்புத்தகம், ஒரு பென்சில். அரைப் பக்கம் படிப்பார், நிறுத்திய வரியின் ஓரத்தில் சின்னக் கோடு போடுவார், மூடி வைப்பார். அவ்வளவுதான். ஒருமுறை வீட்டில் நோய், மாதக்கணக்கில் அவரால் வர முடியவில்லை. திரும்பி வந்த அன்று மதியமும் அதே டிராயர். கோட்டைத் தேடிப்பிடித்தார், பாதிச் சொற்கள் மறந்திருந்தன, இரண்டு பக்கம் பின்னால் போய்ப் படித்தார். "முதல்லேர்ந்து ஆரம்பிக்கலையா?" என்று கேட்டேன். "எதுக்கு? இங்கதானே நிறுத்தினேன்" என்றார். பிற்பாடு அகராதி வைத்துக்கொண்டு கதைகளே படித்தார். அப்படி ஆகப்போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு மொழிக்குள் போக வேண்டும் என்று 34 வயதில் ஒருவருக்குத் தோன்றுவதே எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். பத்து வருடம் கழித்து வரப்போகும் மொழிபெயர்ப்பாளரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பாடத்தில் நிறுத்தினீர்கள் என்று ஒரு வரி இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். கூடவே நீங்கள் மொழிபெயர்த்த நாலு வரியும் வரட்டும், பிழை இருந்தால் இருக்கட்டும்.

அன்புடன்.