கைப்பேசித் திசைகாட்டி மதியம் வேறு திசை காட்டுகிறதே, முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறோம். காலையில் தலைவாசல் நேர் கிழக்கு என்று கைப்பேசி காட்டியது. மதியம் 12 டிகிரி விலகிவிட்டது. பூமியின் காந்த ஓட்டம் மணிக்கு மணி மாறுவதுதான் காரணம், காந்தத் தகடு பதித்தால் சரியாகும் என்கிறார் வாஸ்து பார்க்க வந்தவர். 2,800 வெள்ளி, பாதி முன்பணம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே ரசீது கேட்டு வாங்குங்கள்.

அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. பூமியின் காந்தப் புலம் தினமும் அசைவது மெய்தான். 1722-லேயே லண்டனில் ஜார்ஜ் கிரஹாம் என்ற கடிகாரக் கலைஞர் திசைகாட்டி ஊசியை உற்றுக் கவனித்து அதைக் கண்டுபிடித்தார். வெயில் ஏற ஏற, சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில் மின்னோட்டம் வலுப்பெறுகிறது. அதன் தாக்கம் உச்சிப்பொழுதை ஒட்டி உயர்ந்து மாலையில் அடங்கும். தென்தாய்லாந்து வழியாகவும் இந்தியாவின் தென்முனை வழியாகவும் செல்லும் காந்த நடுக்கோட்டின் (பூமியின் காந்தப் புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு) அருகில் இது இன்னும் பலமாக இருக்கும்.

பலம் என்றால் எவ்வளவு? நம் நாட்டில் புலத்தின் அளவு ஏறக்குறைய 42,000 நானோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு). தினசரி அசைவு ஐம்பது, நூறு. அதுவும் பெரும்பாலும் புலத்தின் வலிமையில்தான்; சாதாரண நாளில் ஊசி ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பாது. உங்கள் ஊசி 12 டிகிரி திரும்ப, பக்கவாட்டில் கிட்டத்தட்ட 9,000 நானோடெஸ்லா தேவை. 1859-ஆம் ஆண்டின் மாபெரும் சூரியப் புயலின்போது பம்பாய் கொலாபாவில் பதிவான புலச் சரிவே சுமார் 1,600தான். நிலவின் பங்கு, 27 நாள் சூரியச் சுழற்சி, மார்ச், செப்டம்பர் மாதங்களில் கூடும் புயல்கள் என்று அவர் இன்னும் அடுக்குவார். எல்லாம் மெய்; எதுவும் உங்கள் கதவை அசைக்காது.

நில அளவைப் பணியில் திசைகாட்டியோடே வாழ்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: இரும்புதான் காரணம். கிரில் கதவு, தூணுக்குள் இருக்கும் கம்பி, சலவை இயந்திரம், கைப்பேசி உறையில் இருக்கும் காந்தப் பொத்தான். காலையில் கிரிலுக்கு வெளியே நின்றும் மதியம் கிரிலை ஒட்டி நின்றும் அளந்தால் எந்த வீட்டிலும் திசை மாறும். இந்த வித்தையை நான் பலமுறை பார்த்துவிட்டேன். "உண்மை வடக்கு வேறு, காந்த வடக்கு வேறு, அதற்குத் தனிக் கட்டணம்" என்பது அடுத்த வலை. துருவத்தின் திசைக்கும் ஊசி காட்டும் வடக்குக்கும் உள்ள அந்த வேறுபாடு கனடாவின் வடபகுதியில் பெரியது. கோலாலம்பூரில் ஒரு டிகிரிக்கும் குறைவு.

ஒன்றை மட்டும் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் செந்தூலில் இருக்கிறீர்கள். அம்பாங் தடத்து எல்ஆர்டி ரயில் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது. ரயில் வேகமெடுக்கும்போது தண்டவாளத்தை ஒட்டிய இடங்களில் காந்தப் புலம் உண்மையாகவே துடிக்கும். இயற்கையின் தினசரி அசைவையே அது மிஞ்சக்கூடும். பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்ததால்தான் அங்கிருந்த காந்த ஆய்வுக்கூடத்தின் பணி 1904-இல் அலிபாகுக்குப் போனது. உங்கள் வீடு தடத்தை ஒட்டி இருந்தால் நள்ளிரவுக்குப் பிறகு, ரயில் நின்றதும் அளந்து பாருங்கள். அப்போது அடங்கினால் அது ரயிலின் வேலை. அதுவும் 12 டிகிரிக்குப் போதாது. தகடு அதைத் தடுக்கவும் தடுக்காது.

வயரிங் வேலைக்கு உரிமம் கேட்கும் இந்த நாட்டில், காந்தத்தின் பேரால் வீடு வீடாகப் பணம் பறிப்பவரை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதியலாம். ஆனால் ரசீது இல்லாமல் போனால் திண்டாட வேண்டியிருக்கும். இந்த ஆட்கள் ரசீது தருவதே இல்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். கைப்பேசியின் உறையைக் கழற்றுங்கள். காற்றில் எட்டு வடிவில் சில முறை அசையுங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் ஓர் இடத்தைக் குறித்து, அங்கேயே நின்று கிரிலைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை அளந்து, அந்த இரண்டு எண்களையும் அவர் அடுத்த முறை வரும்போது காட்டுங்கள்.