இறப்புச் சான்று எந்த ஊரில்? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டு ஆம்புலன்ஸில் வீட்டுக்கு அழைத்துவந்தோம். அய்யம்பேட்டை தாண்டும்போது உயிர் பிரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் "இங்கே இறக்கவில்லை" என்கிறார்கள். எங்கள் ஊர் வி.ஏ.ஓ.வும் "இங்கே இறக்கவில்லையே" என்கிறார். எங்கே பதிவது?
– வாசகர், பாபநாசம் அருகில்

பதில்: ஒருவர் எங்கே குடியிருந்தார், எங்கே எரியூட்டினார்கள் என்பதையெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை. உயிர் பிரிந்த இடம் எந்தப் பதிவாளரின் எல்லையோ அங்கேதான் பதிவு. ஓடும் வண்டியில் இறந்தால் அதற்குத் தனி விதி உண்டு: வண்டி முதலில் எங்கே நின்றதோ அந்த இடத்துப் பதிவாளருக்கு, வண்டியின் பொறுப்பாளர் தகவல் தர வேண்டும். வழியில் எங்கும் நிற்காமல் வீட்டு வாசலில்தான் நின்றது என்றால் உங்கள் கிராமத்துப் பதிவாளரான வி.ஏ.ஓ.தான் பதிய வேண்டும். ஊர் பேரூராட்சியிலோ நகராட்சியிலோ இருந்தால் அந்த அலுவலகத்தில்.

ஆஸ்பத்திரி தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஆம்புலன்ஸின் பயணச் சீட்டு, இறந்தவரின் ஆதார், தகவல் தருபவரின் ஆதார் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வெளியே அனுப்பிய நேரம் இருக்கும். நீங்கள் எழுதித் தரும் இறந்த நேரம் அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். பலருக்குச் சிக்கல் இங்கேதான் வருகிறது. பெரிய ஆஸ்பத்திரி பெயர் இருந்தால் நல்லது என்று நினைத்து, இறந்த இடம் என்ற கட்டத்தில் ஆஸ்பத்திரியை எழுதிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கில் அந்த இறப்பே இருக்காது. மனு அப்படியே திரும்பிவிடும்.

21 நாளுக்குள் தகவல் தந்தால் கட்டணமில்லை, முதல் சான்றும் இலவசம். கருமாதி முடியட்டும் என்று பதினாறு நாள் பொறுத்தாலும் கையில் ஐந்து நாள்தான் மிஞ்சும். அதற்குமேல் 30 நாள் வரை தாமதக் கட்டணம். 30 நாளிலிருந்து ஓராண்டு வரை, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டினால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) உத்தரவு இல்லாமல் நடக்காது. வி.ஏ.ஓ. மறுத்தால் வாய்ச்சொல்லோடு திரும்பாமல், மறுப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தப்படி 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி: குத்தாலம் பக்கம் எங்கள் நிலம் இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. பட்டா மாற்ற அவருடைய இறப்புச் சான்று கேட்கிறார்கள். கீலக வருஷம், புரட்டாசி வளர்பிறை ஏகாதசி என்று பாட்டி திதி கொடுத்துவந்தார். வேறு எதுவும் தெரியாது. அப்போது தஞ்சாவூர் மாவட்டம், இப்போது மயிலாடுதுறை. எங்கே போய்த் தேடுவது?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: பாட்டி கொடுத்திருப்பது நல்ல துப்பு. கீலக வருஷம் என்றால் 1968 ஏப்ரல் நடுவிலிருந்து 1969 ஏப்ரல் நடுவரை. அதில் புரட்டாசி என்பது 1968 செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. வளர்பிறை ஏகாதசி அக்டோபர் தொடக்கத்தில் விழுகிறது. வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு பஞ்சாங்கங்களுக்கும் ஒரு நாள் முன்பின் வரலாம். விடிவதற்கு முன் மூன்று மணிக்கு இறந்தவரை வீட்டில் முந்தின நாள் கணக்கில் சொல்வார்கள், அரசுப் பதிவில் நள்ளிரவோடு தேதி மாறிவிடும். அதனால் ஒரே தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. தேடல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் ஏறும். பழைய பதிவேட்டில் பெயர் வரிசை கிடையாது. தகவல் வந்த வரிசையில் எழுதிக்கொண்டே போயிருப்பார்கள். அந்தக் காலத்தில் பதிவு, சென்னை மாகாணத்தின் 1899ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராம முன்சீப் கையில் இருந்தது. மாதம் தெரிந்தால் சில பக்கங்களில் வேலை முடியும். புரட்டாசியில் இல்லையென்றால் அடுத்த இரண்டு மாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், தாமதமாகச் சொன்னவர்கள் ஏராளம். பெயரும் பட்டாவில் உள்ளபடி இருக்காது. கூப்பிட்ட பெயரோ, இன்னார் மகன் என்றோ இருக்கும். தகப்பனார் பெயர், தெரு, வயது மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

நாகை 1991இல் தனி மாவட்டமானது, மயிலாடுதுறை 2020 டிசம்பரில். அதற்காக மாவட்டத் தலைநகரங்களைச் சுற்ற வேண்டாம். கிராமங்களின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைத் தேடுமிடம், அந்தக் கிராமம் சேர்ந்த பத்திர ஆபீஸ், அதாவது சார்பதிவாளர் அலுவலகம்; அடுத்தது தாலுகா அலுவலகம். விண்ணப்பத்தில் கிராமத்தின் பெயரோடு "பழைய மாயவரம் தாலுகா" என்றும் குறிப்பிடுங்கள்.

பதிவு இல்லை, அல்லது ஏடு கரையான் அரித்துவிட்டது என்றால் அதையே எழுத்தில் வாங்குங்கள். "பதிவு இல்லை" என்ற சான்று இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு நகராது. அதோடு உறுதிமொழிப் பத்திரம், விவரம் தெரிந்த பெரியவர்களின் வாக்குமூலம் வேண்டும், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் விசாரணை நடக்கும். பழைய கருமாதிப் பத்திரிகை, செய்தித்தாளின் "காலமானார்" விளம்பரம், மயான ரசீது, மாதா கோயில் அடக்கப் பதிவேடு, ஜமாஅத்தின் கபர்ஸ்தான் குறிப்பு எல்லாம் துணைச் சான்றுகளே. இவற்றில் ஒன்றுகூட இறப்புச் சான்றுக்கு மாற்று ஆகாது. தேதியை நிலைநிறுத்த உதவும்.

ஒரு எச்சரிக்கை. தேதி தெரியாதபோது பாகப்பிரிவினைக்கு வசதியான ஒரு வருடத்தைப் போட்டுவிடலாம் என்று யோசனை சொல்லும் ஆட்கள் எல்லா தாலுகா ஆபீஸ் வாசலிலும் இருக்கிறார்கள். அதே நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், நீங்கள் சொன்ன தேதிக்குப் பிறகு தாத்தா ஒரு பத்திரத்தில் கைநாட்டு வைத்திருப்பது தெரிந்துவிடலாம். மனுப் போடும் முன் நீங்களே ஒரு வில்லங்கம் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: இன்சூரன்ஸ்காரர்கள் இறப்புக்கான காரணம் கேட்கிறார்கள். சான்றில் அது இல்லை. விடுபட்டுவிட்டதா?
– வாசகர், திருவாரூர்

பதில்: விடுபடவில்லை. பதிவேட்டில் காரணம் இருந்தாலும் சான்றில் அதைக் காட்டக் கூடாது என்று 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. கேட்க வேண்டியது மருத்துவர் கையெழுத்திட்ட இறப்புக் காரணச் சான்றை. ஆஸ்பத்திரி அதன் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும்.

கேள்வி: அண்ணன் கலிபோர்னியாவில் காலமானார், அங்கேயே தகனம் ஆயிற்று. ஊரில் எங்கள் இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. அங்குள்ள பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்பு என்னிடம் இருக்கிறது. அதைக் காட்டி மன்னார்குடியில் பதிய முடியுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: முடியாது. அங்கே நடந்த இறப்பை இங்கே உள்ள பதிவாளர் பதிய அதிகாரமில்லை. இறந்த கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) பதிவாகியிருக்கும். அந்தச் சான்றே இங்கும் செல்லும். ஆனால் இரங்கல் குறிப்பை எறிந்துவிடாதீர்கள். அதில் இறுதிச் சடங்கு நடத்திய நிறுவனத்தின் பெயர் இருக்கும். அமெரிக்காவில் இறப்பைப் பதிவுக்கு அனுப்புவது பெரும்பாலும் அந்த நிறுவனம்தான். எந்தக் கவுண்டி, எந்தத் தேதி, பெயர் எப்படிப் பதிவானது என்பதெல்லாம் அவர்களிடம் கிடைக்கும்.

கலிபோர்னியாவில் அண்மைய இறப்புக்குக் கவுண்டி சுகாதாரத் துறையும், சற்றுப் பழையதற்குக் கவுண்டியின் ஆவணப் பதிவு அலுவலரான ரெக்கார்டரும் நகல் தருவார்கள். நகலில் இரண்டு வகை. "தகவலுக்கு மட்டும்" என்று அச்சிட்டது யாருக்கும் கிடைக்கும். சொத்து வேலைக்கு உதவாது. உங்களுக்கு வேண்டியது அதிகாரபூர்வ நகல். மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் சத்தியப் பிரமாணம் கொடுத்துப் பெறலாம். தபாலில் கேட்டால் நோட்டரி கையெழுத்தும் வேண்டும். அங்கேயே இருக்கும் அண்ணி நேரில் வாங்குவதுதான் சுருக்கு வழி. வங்கி, இன்சூரன்ஸ், நிலம் எல்லாவற்றுக்கும் அசல் நகலே கேட்பார்கள், எனவே ஒரே தடவையில் ஐந்தாறு வாங்கச் சொல்லுங்கள்.

வாங்கியதில் ஒன்றுக்கு, ஆவணம் அயல்நாட்டிலும் செல்லும்படி உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை பெற வேண்டும். அதைத் தருவது கவுண்டி அல்ல, அந்த மாநிலத்தின் செகரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், அதற்குமேல் தூதரக முத்திரை வேண்டியதில்லை. கவுண்டி ரெக்கார்டர் கையெழுத்திட்ட நகலைக் கொடுத்தால் முத்திரை வாங்குவதில் இழுபறி குறைவு. அண்ணன் இந்தியக் குடிமகனாகவே இருந்திருந்தால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலும் இறப்பைத் தெரிவித்துப் பதியச் சொல்லுங்கள்.

பெயரில் கவனம். இங்கே இன்ஷியலாக இருந்த அப்பா பெயர் அங்கே குடும்பப் பெயராகி முழுசாக நிற்கும். பட்டாவில் உள்ளவரும் சான்றில் உள்ளவரும் ஒருவரே என்று பழைய பாஸ்போர்ட் நகலோடு ஒரு உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்துகொண்டு தாசில்தாரிடம் போங்கள்.

கேள்வி: சான்றில் அம்மாவின் பெயர் தப்பாக வந்துவிட்டது. புதுச் சான்று போட்டுத் தருவார்களா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தம் எழுதி, கையெழுத்தும் தேதியும் இட்டு, அதன்படி சான்று தருவார்கள். எழுத்துப் பிழை என்றால் சரியான பெயரைக் காட்டும் ஆவணமே போதும், பதிவாளரே திருத்தலாம். ஆளே மாறியதுபோல் பெயர் இருந்தால், விவரம் அறிந்த நம்பகமான இருவரின் உறுதிமொழி வேண்டும். வீட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றால் "இன்னார் என்கிற இன்னார்" என்று இரண்டையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாரிசுச் சான்றுக்கு மனு கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதே பிழை அதிலும் ஏறும், அதைத் திருத்தத் தாசில்தாரிடம் தனியாக அலைய வேண்டியிருக்கும்.