கண்ணாடியா, குவார்ட்ஸா, சிலிக்கானா? மென்படல ஆய்வுக்கு அடித்தளத்தைத் தேர்வது எப்படி

வாசகர் கேள்வி: சோல்-ஜெல் முறையில் கரைசல் தயாரித்து, அதை நுண்ணோக்கிக் கண்ணாடித் தட்டுகளின் மீது சுழற்பூச்சாகப் பூசி, மக்னீசியம் கலந்த துத்தநாக ஆக்சைடு படலங்களை உருவாக்கி வருகிறேன். உலையில் 550 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்த பிறகு, சில படலங்கள் திட்டுத் திட்டாகப் பெயர்ந்துவிடுகின்றன. மக்னீசியத்தின் அளவை 20 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் வரை கூட்டியும் ஆற்றல் இடைவெளி 3.9 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்ட மறுக்கிறது. குவார்ட்ஸ் தட்டுகளின் விலை கட்டுப்படியாகவில்லை. சிலிக்கானுக்கு மாறிவிடலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளிலும் அடித்தளத்திற்கு, அதாவது படலத்தைத் தாங்கும் தட்டுக்கு, பங்கு இருக்கிறது. ஆனால் சிலிக்கானுக்கு மாறுவதால் முதல் கோளாறு முழுமையாகத் தீராது. இரண்டாவதை அளக்கவே முடியாமல் போய்விடும். 3.9 என்ற எண்ணை முதலில் பார்ப்போம்; ஆற்றல் இடைவெளி என்பது படலம் ஒளியை விழுங்கத் தொடங்கும் குறைந்தபட்ச ஆற்றல். பெயர்ந்த படலம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தவறான எண்ணோ யார் கண்ணிலும் படாமல் ஆய்வேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

1240 என்ற எண்ணை எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள ஆற்றலால் வகுத்தால் நானோமீட்டரில் அலைநீளம் கிடைக்கும். அந்தக் கணக்கில் 3.9 எலக்ட்ரான் வோல்ட் என்பது ஏறத்தாழ 318 நானோமீட்டர். நுண்ணோக்கித் தட்டுகள் பெரும்பாலும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியால் ஆனவை. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள அத்தகைய தட்டின் ஒளி ஊடுருவல் 350 நானோமீட்டருக்குக் கீழே சரியத் தொடங்கி, 300 நானோமீட்டரை எட்டும்போது அநேகமாக ஒன்றுமில்லாமல் போகிறது. அதாவது, நீங்கள் படலத்தின் உட்கவர் விளிம்பு (ஒளி விழுங்கப்படத் தொடங்கும் இடம்) என்று எண்ணி, இடைவெளியைக் கணிக்க உதவும் டவுக் வரைபடத்தில் நேர்கோடு வரைந்திருப்பது, பெரும்பாலும் கண்ணாடியின் உட்கவர் விளிம்பின் மீதுதான். மக்னீசியத்தை எவ்வளவு கூட்டினாலும் எண் நகராமல் இருப்பதே இந்த ஐயத்தை வலுவாக்குகிறது, ஏனெனில் மக்னீசியம் மாறினாலும் தட்டு மாறவில்லை.

இதைச் சோதிக்கப் பத்து நிமிடம் போதும். எதுவும் பூசாத, ஆனால் உங்கள் மாதிரிகளைப் போலவே சுத்தம் செய்து உலையில் வைத்தெடுத்த ஒரு வெறும் தட்டை எடுத்து, கருவியின் ஒப்பீட்டுப் பாதையில் (மாதிரி இல்லாத இரண்டாவது ஒளிப்பாதையில்) எதையும் வைக்காமல் அதன் ஊடுருவல் நிறமாலையைப் பதிவு செய்யுங்கள். அந்த வரைகோட்டை உங்கள் மாதிரிகளின் வரைகோடுகளோடு ஒரே படத்தில் வையுங்கள். 320 நானோமீட்டரை ஒட்டி எல்லாம் ஒன்றாக விழுந்தால், விடை கிடைத்துவிட்டது. ஒப்பீட்டுப் பாதையில் வெறும் தட்டை வைத்துக் கழித்துவிட்டேனே என்று நீங்கள் கேட்கலாம். கண்ணாடி ஒளியை ஓரளவேனும் கடத்தும் பகுதியில்தான் அந்தக் கழித்தல் பொருளுடையது. ஒளியே வராத பகுதியில் கருவி ஏறத்தாழச் சுழியைச் சுழியால் வகுத்துக்கொண்டிருக்கிறது; அங்கே கிடைப்பது இரைச்சல் மட்டுமே. கலப்பில்லாத துத்தநாக ஆக்சைடின் இடைவெளி சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 375 நானோமீட்டர் என்பதால், அதைக் கண்ணாடித் தட்டிலேயே அளந்துவிடலாம். இந்தத் துறையில் பலரும் கண்ணாடியோடு பழகிப்போனதற்கு அதுவே காரணம்; மக்னீசியம் சேர்ந்து விளிம்பு புறஊதாப் பகுதிக்குள் நகரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கண்ணாடியின் குறுக்கீட்டை நீக்கிய பிறகும் எண் ஓரிடத்தில் நின்றுவிட்டால், அப்போது வேதியியலைச் சந்தேகியுங்கள். சமநிலை நிலையில் துத்தநாக ஆக்சைடுக்குள் மக்னீசியம் ஆக்சைடு கரையும் அளவு 4 சதவீதத்தை ஒட்டியதே. 1998ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் லேசர் துடிப்புப் படிவு முறையில், சஃபையர் படிகத்தின் மீது, 33 சதவீதம் வரை மக்னீசியத்தை ஒரே கட்டமாக (தனியே பிரியாமல் ஒரே படிக அமைப்பாக) பிடித்து நிறுத்தி, இடைவெளியை ஏறத்தாழ 4 எலக்ட்ரான் வோல்ட் வரை உயர்த்தினார்கள். அந்த அளவைச் சோல்-ஜெல் முறையும் ஒழுங்கற்ற கண்ணாடிப் பரப்பும் அப்படியே தந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கரைசலில் 40 சதவீதம் ஊற்றினீர்கள் என்பதால் படலத்தின் படிகத்துக்குள் 40 சதவீதம் புகுந்துவிட்டது என்று பொருளில்லை. எக்ஸ்ஆர்டியில், அதாவது படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் அளவீட்டில், 42.9 டிகிரியை ஒட்டி மக்னீசியம் ஆக்சைடின் முகடு தலைகாட்டுகிறதா என்று தேடுங்கள்.

இடையில் ஒரு சொல்லைப் பற்றி. இணையத்தில் சில மொழிபெயர்ப்புகள் சப்ஸ்ட்ரேட் என்பதை எல்லா இடத்திலும் 'அடி மூலக்கூறு' என்று எழுதிவிடுகின்றன. நொதி எந்தப் பொருளின் மீது வினைபுரிகிறதோ அதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பதால் வந்த குழப்பம் இது. உங்கள் கையில் இருக்கும் கண்ணாடித் தட்டு எந்த வகையிலும் ஒரு மூலக்கூறு அன்று. மென்படல ஆய்வில் 'அடித்தளம்' என்றே எழுதுங்கள்.

இனி குவார்ட்ஸ். உருக்கிய குவார்ட்ஸ் தட்டு 200 நானோமீட்டரை ஒட்டிய பகுதிவரை ஒளியைக் கடத்தும். 1000 டிகிரி வெப்பத்தையும் தாங்கும். விலை உண்மையிலேயே அதிகம்தான், ஆனால் உங்கள் பொருளுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது: துத்தநாக ஆக்சைடு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எளிதாகக் கரைந்துவிடும், குவார்ட்ஸுக்கோ அந்த அமிலத்தால் எதுவும் ஆகாது. அளவீடுகள் அனைத்தும் முடிந்த மாதிரியை அமிலத்தில் இட்டுப் படலத்தைக் கரைத்துவிட்டு, தட்டை மீண்டும் பயன்படுத்தலாம். ஆறு சிறு தட்டுகள் இருந்தால் ஒரு முனைவர் பட்ட ஆய்வின் ஒளியியல் பகுதியை ஓட்டிவிடலாம் என்பது என் மதிப்பீடு. டைட்டானியம் டை ஆக்சைடு போன்றவற்றோடு உழைப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. வாங்கிய அன்றே, பூசுவதற்கு முன், வெறும் தட்டின் நிறமாலையை 200 நானோமீட்டர் வரை எடுத்துப் பார்த்துவிடுங்கள். போரோசிலிக்கேட் கண்ணாடியும் குவார்ட்ஸும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். நிறமாலைமானியை ஏமாற்ற முடியாது.

சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே கட்புலனாகும் ஒளியையும் புறஊதா ஒளியையும் அது விழுங்கிவிடும். அதன் மீதுள்ள படலத்தின் ஊடுருவலை அளக்க வழியில்லை. தெறித்து வரும் ஒளியை வைத்து அளக்கும் எலிப்சோமீட்டர் உங்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தால் மட்டுமே அந்த வழியை நினைக்கலாம். ஆனால் சிலிக்கானுக்கு வேறு சிறப்பு உண்டு. வைர முனையால் ஓரத்தில் ஒரு கீறல் போட்டு அழுத்தினால் நேராகப் பிளக்கும் என்பதால், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படலத்தின் குறுக்குவெட்டைப் பார்த்துத் தடிமனை அளக்க அதைவிட வசதியான தட்டு கிடையாது. எக்ஸ்ஆர்டியிலும், கண்ணாடி 20 முதல் 30 டிகிரி வரை எழுப்பும் அகன்ற மேடு சிலிக்கானில் இராது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 100 திசையில் வெட்டிய சிலிக்கானில் (இத்தகைய எண்கள் படிகத் தளங்களைக் குறிப்பவை), தாமிர எக்ஸ் கதிரைப் பயன்படுத்தும்போது 69 டிகிரியில் வரும் பெரிய முகட்டை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். விதிப்படி வரக்கூடாத 200 முகடு, பன்முறைச் சிதறலால் 33 டிகிரியில் கூர்மையாக எழும்புவதைத்தான் பலர் அறிவதில்லை. துத்தநாக ஆக்சைடின் முகடுகள் 31.8, 34.4, 36.3 டிகிரிகளில் வருவதால், நடுவில் நிற்கும் இந்த அந்நியனைப் புதிய கட்டம் என்று எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மாதிரியைத் தன் தளத்திலேயே சற்றுச் சுழற்றி வைத்து மீண்டும் அளந்தால், அந்த முகட்டின் உயரம் பெரிதும் மாறும் அல்லது மறைந்தே போகும். படலத்தின் முகடுகள் அப்படி ஓடி ஒளிவதில்லை.

அடுத்து, பெயரும் படலம். எப்போது பெயர்கிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். உலையில் வைப்பதற்கு முன்பே பூச்சு ஓரங்களிலிருந்து விலகி, திட்டுகளாக இருந்தால், கரைசல் தட்டை நனைக்கவில்லை, சுத்தம் போதவில்லை. சுத்தம் செய்த தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் முக்கிச் செங்குத்தாக உயர்த்திப் பாருங்கள். நீர் ஒரே ஏடாக ஒட்டிக்கொண்டு வடிய வேண்டும். தாமரை இலைத் தண்ணீராக உருண்டால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்கிறது. சோப்புக் கரைசல், நீர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் என்ற வரிசையில் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் மீயொலித் தொட்டியில் வையுங்கள். அசிட்டோனைத் தட்டின் மீதே உலர விட்டால் அழுக்கை மீண்டும் படியவைத்துவிட்டுப் போகும். ஈரம் இருக்கும்போதே ஐசோபுரோப்பனாலுக்கு மாற்றுங்கள். புறஊதா-ஓசோன் கருவியோ ஆக்சிஜன் பிளாஸ்மாவோ இருந்தால் பூசுவதற்குச் சற்று முன் பயன்படுத்துங்கள். அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரானா கரைசலை இந்தப் பணிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அசிட்டோன் ஒட்டியிருக்கும் தட்டை அதில் இட்டால் வெடிக்கக்கூடும். இந்தத் தட்டுகளுக்கு அவ்வளவு ஆபத்து தேவையும் இல்லை.

உலையிலிருந்து எடுத்த பிறகுதான் பெயர்கிறது என்றால், காரணம் தகைவு, அதாவது படலத்துக்குள் எழும் இழுப்போ நெருக்கமோ. சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியின் வெப்ப விரிவுக் குணகம் ஒரு டிகிரிக்குச் சுமார் 9×10⁻⁶. துத்தநாக ஆக்சைடுக்கு, படிகத் திசையைப் பொறுத்து, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்குச் சற்று மேல் வரை இருக்கும். உருக்கிய குவார்ட்ஸுக்கோ 0.5×10⁻⁶ மட்டுமே. வேறுபாட்டை 4×10⁻⁶ என்று கொண்டு, 500 டிகிரி இறக்கத்தால் பெருக்கினால், 0.2 சதவீதத் திரிபு வருகிறது. எண்ணாகப் பார்த்தால் சிறியது, உடையும் தன்மையுள்ள பீங்கான் படலத்துக்கு அது பெரிய சுமை. ஆறும்போது கண்ணாடி படலத்தைவிட அதிகமாகச் சுருங்குவதால் படலம் நெருக்கப்பட்டு, உப்பி, தட்டைவிட்டு எழும்புகிறது. குவார்ட்ஸில் நேர்மாறாகப் படலம் இழுபட்டு விரிசல் விடும். ஆகவே குவார்ட்ஸுக்கு மாறினால் பெயர்தல் நின்று வெடிப்பு தொடங்கலாம் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இவை இரண்டுக்கும் அப்பால், ஒரே பூச்சில் அதிகத் தடிமன் ஏற்றினால், கரைப்பான் வெளியேறும்போதே வறண்ட கண்மாயின் சேறு பாளம் பாளமாக வெடிப்பது போன்ற கோலம் எந்தத் தட்டிலும் விழும். ஒளி நுண்ணோக்கியின் கீழ் இவற்றைப் பிரித்தறிவது கடினமன்று. மருந்து ஏறத்தாழ ஒன்றுதான்: மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை பூசுங்கள், ஒவ்வொரு பூச்சுக்குப் பின்பும் 250 முதல் 300 டிகிரியில் சில நிமிடங்கள் உலர்த்துங்கள், உலையை நிறுத்திய பின் கதவைத் திறக்காமல் தானாக ஆறவிடுங்கள்.

கண்ணாடித் தட்டுக்கு 550 டிகிரி என்பதே வரம்பு மீறிய வெப்பம். அந்த அளவில் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி தன் தகைவைத் தளர்த்தத் தொடங்கி மெல்ல வளையும். அதிலுள்ள சோடியம் படலத்துக்குள் பரவும். கண்ணாடியின் எடையில் சுமார் 14 சதவீதம் சோடியம் ஆக்சைடு என்பதால் வரத்துக்குப் பஞ்சமில்லை. மின்கடத்துத்திறனை அளக்கும்போது மக்னீசியத்தின் விளைவையும் சோடியத்தின் விளைவையும் உங்களால் பிரிக்க முடியாது. சோடியம் எப்போதும் கேடு என்று சொல்லவும் மாட்டேன். தாமிரம்-இண்டியம்-காலியம்-செலினைடு சூரிய மின்கலங்களில், சாதாரணக் கண்ணாடியின் மீது வளர்ந்த படலங்கள் கூடுதல் திறன் காட்டியதற்கு அடியிலிருந்து ஏறிய சோடியமே காரணம் என்று 1990களில் தெரியவந்தது; இன்று அதை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். உங்கள் ஆய்வில் அது அழையா விருந்தாளி. கண்ணாடியில் 450 டிகிரியைத் தாண்டாதீர்கள். அதற்கு மேல் தேவையென்றால் குவார்ட்ஸ்தான்.

தட்டு இவ்வளவு தூரம் குறுக்கிடுவது உங்களுக்கு மட்டும் நேர்ந்த கதையன்று. நீல ஒளி எல்இடிக்கான காலியம் நைட்ரைடை, அணிக்கோவை (படிகத்தில் அணுக்கள் அமைந்த ஒழுங்கு) அளவில் 16 சதவீதம் பொருந்தாத சஃபையரின் மீது வளர்ப்பதுதான் நெடுங்காலம் முட்டுக்கட்டையாக இருந்தது. 1986இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அகசாகியும் அமானோவும் இடையில் தாழ்ந்த வெப்பநிலையில் அலுமினியம் நைட்ரைடின் மெல்லிய ஏடு ஒன்றை இட்டு அதைக் கடந்தார்கள்; 2014இல் நகமுராவுடன் அவர்கள் பெற்ற நோபல் பரிசின் வேர்களில் அந்த ஏடும் ஒன்று.

நீங்கள் செய்யவேண்டியதாக நான் சொல்வது இது. ஒரே கரைசலிலிருந்து, ஒரே நாளில், மூன்று வகைத் தட்டுகளிலும் பூசுங்கள்: குவார்ட்ஸை ஒளியியலுக்கும் மின்னளவீட்டுக்கும், சிலிக்கானைக் குறுக்குவெட்டுக்கும் எக்ஸ்ஆர்டிக்கும், மலிவான கண்ணாடியைச் சுழற்சி வேகமும் உலர்த்தும் நேரமும் சரிபார்க்கும் ஒத்திகைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றிலும் ஒரே படலம்தான் இருக்கிறது என்று கொள்ளாதீர்கள். சிலிக்கான் கண்ணாடியைவிட நூறு மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்துவதால், ஒரே சூட்டுத் தட்டில் வைத்தாலும் மேற்பரப்பு வெப்பநிலை வேறுபடும். நனையும் தன்மையும் வேறு. சிலிக்கானில் அளந்த தடிமனைக் குவார்ட்ஸ் மாதிரியின் உட்கவர் குணகக் கணக்கில் போடுவதற்கு முன், குவார்ட்ஸிலேயே ஒரு படிக்கட்டு விளிம்பு விட்டு, நுண்முனையால் வருடி உயரத்தை அளக்கும் ஸ்டைலஸ் கருவியால் ஒருமுறை சரிபாருங்கள். கட்டுரையில் அடித்தளத்தின் வகை, தடிமன், படிகத் திசை, சுத்தம் செய்த முறை ஆகியவற்றை எழுதி, வெறும் தட்டின் நிறமாலையையும் எக்ஸ்ஆர்டி வரைகோட்டையும் படலங்களின் வரைகோடுகளுக்கு அடியிலேயே அச்சிடுங்கள்.