மாத்திரையை மாற்றிக் கொடுத்த மருந்துக் கடை மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 64. பிரஷருக்கு டாக்டர் எழுதிய அம்லோடிபினுக்குப் பதிலாக, மெடிக்கலில் சர்க்கரை நோய்க்கான கிளிமிப்ரைடைக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருக்கிறார். கடைக்காரர் வீடு தேடி வந்து, "செலவை நான் பார்த்துக்கிறேன், மிச்ச மாத்திரையைக் கொடுத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்கிறார். என்ன செய்யலாம்? – வாசகர், திருநெல்வேலி.

பதில்: மிச்ச மாத்திரை உள்ள அந்த அட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வழக்கின் பாதி பலம் அதில்தான் இருக்கிறது. அட்டையில் உள்ள பேட்ச் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒத்துப்போனால், 'இது எங்கள் கடையில் வாங்கியதே இல்லை' என்று அவர் பிறகு சொல்ல முடியாது. இரண்டையும் மருந்துச் சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்து, அசலைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். ரத்தச் சர்க்கரை எவ்வளவு இறங்கியிருந்தது, எந்த மாத்திரையால் இறங்கியது என்பது அதில் இருக்க வேண்டும். 'மயக்கம்' என்று மட்டும் இருந்தால், சிகிச்சை அளித்த டாக்டரிடம் காரணத்தையும் எழுதித் தரக் கேளுங்கள். நல்ல வழக்குகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நஷ்ட ஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். வாங்கியது நீங்களே என்றாலும், பயன்படுத்திய அம்மாவும் நுகர்வோர்தான். அவர் பெயரிலேயே போடுங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. மாத்திரை விலை எங்கே, 5 லட்சம் எங்கே! வக்கீல் இல்லாமலும் வாதாடலாம்.

'டாக்டர் கையெழுத்து புரியவில்லை' என்பார் கடைக்காரர். புரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டும், இல்லை கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும். ஷெட்யூல் எச் மருந்தை, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய மருந்தை, பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் கொடுக்கலாம். சீட்டில் எழுதியதற்குப் பதில் வேறொன்றைக் கொடுக்கவும் கூடாது என்கின்றன 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள். அன்று கவுண்டரில் நின்றவர் மருந்தாளுநர்தானா என்று விசாரிக்கச் சொல்லி, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். கடையின் உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ அந்தத் துறையால் முடியும். பணம் அங்கே கிடைக்காது, ஆனால் ஆய்வு அறிக்கை ஆணையத்தில் கைகொடுக்கும்.

போலீஸ்? கவனக்குறைவால் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 125ஆம் பிரிவில் குற்றம்தான். அம்மா தேறிவிட்டதால், நான் முதலில் அங்கே போகமாட்டேன்.

சமரசம் தவறில்லை. ஆஸ்பத்திரி பில், உங்கள் சம்பள இழப்பு, அம்மா பட்ட அவஸ்தை எல்லாவற்றையும் கணக்கிட்டு எழுத்தில் பேசுங்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறும் முன் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.